தகர டின்னும் ஜெர்ரி கேனும்



நம் பழைய மாணவர் குழுவில் இரண்டு வாரமாக லடாக் பயணப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு பேர் மோட்டார் சைக்கிளில் மணாலியிலிருந்து லே வரை போகிறீர்கள். படித்தபோது பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் நடுவில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. "எக்ஸ்ட்ரா பெட்ரோலுக்கு ரெண்டு வாட்டர் கேன் போதும்டா, சீட்ல கட்டிக்கலாம்" என்று ஒரு பிள்ளை எழுத, அதற்கு நான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறீர்கள்.

"வேண்டாம்" என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். ஏன் வேண்டாம் என்று சொல்லாமல் வகுப்பில் எதையும் நான் சொன்னதில்லை. இந்த "ஏன்" கொஞ்சம் நீளமானது. ஒரு உலகப்போர் வழியாகப் போய் வர வேண்டும். நடுவில் நம் கல்கத்தாவும் வருகிறது. பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை கிடையாது.

முதலில் கார் பிறந்த காலத்துக்குப் போவோம். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். மோட்டார் வண்டியில் நடந்த முதல் நெடுந்தூரப் பயணம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அன்று பெட்ரோல் பங்க் ஏது? வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் நிறுத்தி, துணிக்கறை போக்க விற்ற லிக்ராயின் என்ற எண்ணெயை வாங்கி ஊற்றிக்கொண்டார். எரிபொருளை எங்கே வாங்குவது, எதில் கொண்டுபோவது என்ற கவலை மோட்டார் வண்டி பிறந்த அன்றே பிறந்துவிட்டது.

அதன் பிறகு பல ஆண்டுகள் பெட்ரோல் டின்னில்தான் விற்கப்பட்டது. இங்கிலாந்தில் 2 காலன் டின்கள். கார் வைத்திருந்தவர்கள் இரண்டு மூன்று டின்களைக் காரின் ஃபுட்போர்டில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் வெளியூர் கிளம்பினார்கள். தெருவோரத்தில் பம்பு வைத்து விற்பது அங்கே முதல் உலகப்போர் முடிந்த பிறகுதான் பரவியது.

நம் ஊருக்கு வந்த டின் இன்னொன்று. பெரியவர்களுக்குச் சட்டென நினைவுக்கு வரும். மண்ணெண்ணெய் டின்! சதுரமாக, மெல்லிய தகரத்தில், 4 காலன் அதாவது 18 லிட்டர் கொள்ளும் டின். எண்ணெய் தீர்ந்த பிறகு அதற்கு வந்த வாழ்வே வாழ்வு. மேல்பக்கத்தை வெட்டி, குறுக்கே ஒரு கட்டை அடித்தால் கிணற்றடியில் தண்ணீர் வாளி. மூடி போட்டால் முறுக்கு, அரிசி வைக்கும் டப்பா. பிரித்து நிமிர்த்தினால் கூரைக்குத் தகடு. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் பல வருஷம் உழைத்தது. ஈயம் பற்றவைத்த மூலைகளில் ஒழுக ஆரம்பித்ததும் பாட்டி சோப்பைத் தேய்த்து அடைத்துவிடுவார். தண்ணீர்தானே, நாலு சொட்டு ஒழுகினால் என்ன?

அதே அளவு டின்னில் பெட்ரோலை ஊற்றிப் பாலைவனத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அதைத்தான் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் செய்தது.

1940 முதல் 1943 வரை வட ஆப்பிரிக்காவில், எகிப்துக்கும் லிபியாவுக்கும் துனிசியாவுக்கும் இடையே பெரிய சண்டை நடந்தது. ஒரு பக்கம் இத்தாலியரும் ஜெர்மானியரும். மறுபக்கம் பிரிட்டிஷார், அவர்களோடு ஆஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர், நம் இந்தியச் சிப்பாய்கள். புகழ்பெற்ற 4-வது இந்திய டிவிஷன் அங்கேதான் போரிட்டது. அதில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற நம் பக்கத்துப் பொறியாளர் படையினரும் இருந்தார்கள். அந்த மணலில் டாங்கியும் லாரியும் ஓட வேண்டும். ரயில் பாதை கொஞ்ச தூரம்தான். மீதி எல்லாம் லாரியில். பெட்ரோல் ஏற்றிப்போகும் லாரிக்கும் பெட்ரோல் வேண்டும்.

அந்தப் பெட்ரோல் பெரும்பாலும் 4 காலன் தகர டின்களில் போனது. எகிப்திலேயே மலிவாகச் செய்தார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிய வேண்டியது என்று கணக்கு. சிப்பாய்கள் அதற்கு வைத்த பெயர் "ஃப்ளிம்ஸி". நம் பேச்சில் சொன்னால் நோஞ்சான். பொருத்தமான பெயர்தான். மேடு பள்ளத்தில் லாரி குலுங்கியதும் பற்றவைத்த மூலைகள் விட்டன. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதில் அடியில் இருந்தவை நசுங்கின. பகல் வெயிலில் பெட்ரோல் விரியும், இரவுக் குளிரில் சுருங்கும். தினமும் இப்படி இழுத்தால் மெல்லிய தகரம் எத்தனை நாள் தாங்கும்?

கிளம்பிய இடத்துக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் இடையே ஏறக்குறைய 30 விழுக்காடு எரிபொருள் வீணானதாகத் தளபதி ஆக்கின்லெக் தரப்பு கணக்கிட்டது. (இதே ஆக்கின்லெக்தான் பின்னாளில், சுதந்திரத்துக்கு முன் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் கடைசித் தலைமைத் தளபதி.) நூறு லிட்டர் ஏற்றினால் முப்பது லிட்டர் மணலுக்கும் காற்றுக்கும் போனது. அந்தப் பெட்ரோல் கடல் கடந்து, நீர்மூழ்கிக் கப்பல்களுக்குத் தப்பி வந்தது. அதைக் கொண்டுவர உயிரைக் கொடுத்த மாலுமிகள் உண்டு. ஒழுகியது சும்மாவும் போகவில்லை. லாரியின் தளத்தில் தேங்கி, ஆவியாகி, ஒரு பொறிக்குக் காத்திருந்தது.

சிப்பாய்கள் இந்த டின்னுக்கு ஒரு நல்ல உபயோகம் கண்டுபிடித்தார்கள். டின்னைப் பாதியாக வெட்டி, உள்ளே மணல் போட்டு, பெட்ரோலை ஊற்றிப் பற்றவைத்தால் அடுப்பு. அதன்மேல் இன்னொரு பாதியில் தேநீர். "பெங்காசி பர்னர்" என்று அதற்குப் பெயர். பெட்ரோல் சுமப்பதைவிடத் தேநீர் போடுவதில் அந்த டின் நன்றாகவே வேலை செய்தது!

எதிரிப் பக்கம் என்ன வைத்திருந்தார்கள் என்று பார்ப்போம்.

ஜெர்மன் ராணுவம் போருக்கு முன்பே இதை யோசித்துவிட்டது. ஷ்வெல்ம் என்ற ஊரில் இருந்த முல்லர் என்ற நிறுவனத்தில் வின்சென்ட்ஸ் க்ரூன்ஃபோகல் என்ற பொறியாளர் 1937-இல் ஒரு 20 லிட்டர் கேனை வடிவமைத்தார். இன்று வரை உலகம் முழுவதும் ராணுவமும் பயணிகளும் வைத்திருப்பது அதன் வாரிசுகளைத்தான். அந்தக் கேனில் சும்மா வைத்த பாகம் எதுவுமே இல்லை. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மேலே ஒரு கைப்பிடிக்குப் பதில் மூன்று. நிறைந்த கேனை ஒருவர் நடுப் பிடியைப் பிடித்துத் தூக்கலாம். இருவர் பக்கத்துப் பிடிகளைப் பிடித்துச் சேர்ந்து தூக்கலாம். காலிக் கேன் என்றால் ஒரு கையில் இரண்டு, இரண்டு கையில் நான்கு. வரிசையாக நின்று கைமாற்றும்போது, கொடுப்பவர் ஒரு பிடியை விடுவதற்குள் வாங்குபவர் இன்னொரு பிடியைப் பிடித்துவிடலாம்.

உடல் இரண்டு பாதி. இரும்புத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்து, நடுவில் ஒரே கோட்டில் வெல்டிங் வைத்தார்கள். அந்தக் கோடும் சற்று உள்ளே பதிந்திருக்கும், எதிலும் மோதாது. நம் டின்னைப் போல ஈயம் பற்றவைத்த மூலைகள் கிடையாது.

பக்கத் தகட்டில் பெருக்கல் குறி போல ஒரு பள்ளம் இருக்கும். அழகுக்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது தகட்டுக்கு வலு தருகிறது. வெயிலில் பெட்ரோல் விரியும்போது தகடு கொஞ்சம் வெளியே தள்ளிக்கொடுக்கவும் அதுதான் உதவுகிறது.

மூடி கேனோடு இணைந்தது. நெம்புகோல் போல அழுத்தினால் வாஷரோடு சேர்த்து இறுக்கமாக மூடும். அது தொலைந்துபோகாது. திறக்க ஸ்பேனர் வேண்டாம். மூக்கு குட்டையாக இருப்பதால் ஊற்றப் புனலும் தேவைப்படாது.

வாய்க்குள் ஒரு சிறு காற்றுக் குழாய். பாட்டிலைக் கவிழ்த்தால் "குளுக் குளுக்" என்று விட்டுவிட்டு ஊற்றி நாலாபுறமும் தெறிக்கும் அல்லவா? உள்ளே போக வேண்டிய காற்றும் வெளியே வர வேண்டிய திரவமும் ஒரே வாயில் முட்டிக்கொள்வதால் வரும் சத்தம் அது. இந்தக் கேனில் காற்றுக்குத் தனி வழி விட்டதால் பெட்ரோல் ஒரே சீராக வரும், தெறிக்காது.

கைப்பிடிகளுக்குப் பக்கத்தில், மேலே ஒரு காற்று அறை. பெட்ரோலை ஊற்றினாலும் அந்த இடம் நிரம்பாது. விரிவதற்கு இடம் அது. அதனாலேயே நிறைந்த கேன் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். உட்புறத்தில் துருப்பிடிக்காமல் பூச்சு. தண்ணீர் வைக்கும் கேன்களுக்கு வெள்ளைக் குறுக்குக் கோடு. பெட்ரோல் கேனில் தண்ணீரையும் தண்ணீர்க் கேனில் பெட்ரோலையும் மாற்றி ஊற்றிவிடக் கூடாதே!

பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஜெர்மானியரைக் கிண்டலாக "ஜெர்ரி" என்பார்கள். பாலைவனத்தில் ஜெர்ரியின் கேன் கையில் கிடைத்தால் தங்கம் கிடைத்த மாதிரி பதுக்கி வைத்துக்கொண்டார்கள். அப்படித்தான் அது "ஜெர்ரி கேன்" ஆயிற்று.

இனி நம் நாடு வரும் கதை. இதை எழுதி வைத்தவர் ரிச்சர்ட் டேனியல். போர்க்காலத்தில் மத்தியக் கிழக்கில் எரிபொருள் வேலை பார்த்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அவர் சொல்வதைச் சுருக்கித் தருகிறேன்.

1939 கோடையில் பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெர்லினில் இருந்தார். ஜெர்மன் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு வண்டியைத் தயார் செய்து, தரைவழியாக இந்தியாவுக்குக் கிளம்பத் திட்டமிட்டார். உங்கள் லடாக் பயணம் மாதிரிதான், கொஞ்சம் பெரிசு! கிளம்பும் நேரத்தில், அவசரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக எதுவும் இல்லை என்று தெரிந்தது. நண்பருக்கு டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் அடுக்கி வைத்திருந்த ராணுவக் கேன்களிடம் போக வழி இருந்தது. மூன்றை எடுத்துவந்துவிட்டார். இருவரும் பதினொரு நாட்டு எல்லைகளைக் கடந்து வந்தார்கள். அதற்குள் போர் மேகம் சூழ, ஜெர்மன் தளபதி கோரிங் விமானம் அனுப்பி அந்தப் பொறியாளரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். பிரியும் முன் நண்பர் செய்த காரியம், கேனை எப்படிச் செய்வது என்ற முழு விவரத்தையும் ப்ளைஸிடம் சொல்லிக் கொடுத்தது.

ப்ளைஸ் தனியாகக் கல்கத்தா வரை வந்து சேர்ந்தார். வண்டியை அங்கேயே ஓரிடத்தில் விட்டுவிட்டு விமானத்தில் அமெரிக்கா போனார். ராணுவ அதிகாரிகளிடம் கேனைப் பற்றிச் சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை. கையில் காட்ட மாதிரி இல்லை, மாதிரியோ கல்கத்தாவில்! பிறகு வண்டி சுற்றுவழியாக நியூயார்க் போய்ச் சேர, கேன் ஒன்றை வாஷிங்டனுக்கு அனுப்பினார். பார்த்தும் பயனில்லை. முதல் உலகப்போர் காலத்துக் கேனே போதும் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பழைய கேனைத் திறக்க ஸ்பேனர் வேண்டும், ஊற்றப் புனல் வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். பின்னால் படைகளே ஏங்கப்போகிற ஒரு பொருள், நம் நாட்டு ஊர் ஒன்றில், ஒரு வண்டிக்குள் சும்மா கிடந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்தவர் வாய்வலிக்கச் சொல்லியும் கேட்க ஆளில்லை.

பிறகு அமெரிக்கர்களும் அதைப் பார்த்துச் செய்தார்கள். ஆனால் முழுதாகச் செய்யவில்லை. கைப்பிடிகளையும் அளவையும் வைத்துக்கொண்டு, வெல்டிங் கோட்டுக்குப் பதில் மடித்த மூட்டு, உட்பூச்சு கிடையாது, திறக்க மறுபடியும் ஸ்பேனர். பார்த்து எழுதும் பையன் படத்தை மட்டும் எழுதி விளக்கத்தை விட்டுவிட்ட மாதிரி! பிரிட்டிஷார் பாலைவனத்தில் பட்ட பாட்டால் ஜெர்மன் கேனையே அப்படியே செய்யத் தொடங்கினார்கள்.

1944-இல் நேசப்படைகள் பிரான்சில் இறங்கியபோது இந்தக் கேன்களை நம்பித்தான் முன்னேறின. ஆகஸ்ட் கடைசியிலிருந்து "ரெட் பால் எக்ஸ்பிரஸ்" என்ற லாரி வரிசை இரவு பகலாக ஓடியது. அதில் வண்டி ஓட்டியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்து அமெரிக்கச் சிப்பாய்கள். ஆனாலும் படைகள் எரிபொருளின்றி நின்றன. பெட்ரோல் தட்டுப்பாட்டோடு கேன் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. ஊற்றியதும் காலிக் கேனைச் சாலையோரம் வீசிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் ராணுவம் பிரெஞ்சு மக்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் கேன் பொறுக்கித் தரச் சொல்லி உதவி கேட்டது. பிரான்ஸ் வழியாக நம் படைகள் அவ்வளவு வேகமாகப் போக முடிந்தது இந்தக் கேன்களால்தான் என்று அந்த ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே குறிப்பிட்டார். போர் முடிந்த அன்று ஐரோப்பா முழுவதும் சுமார் 2 கோடியே 10 லட்சம் கேன்கள் சிதறிக் கிடந்ததாக டேனியல் எழுதுகிறார்.

வரலாற்றுப் பாடம் முடிந்தது. இப்போது வாட்டர் கேனுக்கு வருவோம்.

பெட்ரோல் எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் எரிவது அதன் ஆவி. பனிக்கட்டி உறையும் குளிரைவிடக் கீழே, மைனஸ் 40 டிகிரியிலும்கூட அது தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியை விடும். லடாக் குளிரில் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அந்த ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும். அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போய், தூரத்தில் இருக்கும் அடுப்பையோ பீடியையோ தேடிப் பிடிக்கும்.

அடுத்தது விரிவு. 20 லிட்டர் பெட்ரோல், காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் இடையே 30 டிகிரி சூடேறினால் அரை லிட்டருக்கு மேல் விரியும். கழுத்து வரை நிரப்பிய கேனில் அந்த அரை லிட்டர் எங்கே போகும்? உங்கள் வழியில் இன்னொன்றும் உண்டு. மணாலி 2,000 மீட்டர் உயரம். தங்லங் லா கணவாய் 5,300 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். கீழே இறுக மூடிய கேன் மேலே போகப் போக உப்பும். குடிநீருக்காகச் செய்த மெல்லிய பிளாஸ்டிக்கும், அதன் திருகு மூடியும் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. ஃப்ளிம்ஸி கதைதான் மறுபடியும். அன்று தகரம், இன்று பிளாஸ்டிக். அதுவும் சூடான சைலன்ஸருக்கு மேலே கட்டிக்கொண்டு!

நல்ல கேன் இருந்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. 2012 மார்ச்சில் இங்கிலாந்தில் டேங்கர் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்யக்கூடும் என்று பேச்சு வந்தது. ஜெர்ரி கேனில் கொஞ்சம் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஓர் அமைச்சரே சொன்னார். சில நாளில் யார்க் நகரத்தில் ஒரு பெண்மணி, பெட்ரோல் தீர்ந்து நின்ற மகளுக்காக, கேனிலிருந்து ஒரு ஜாடிக்குச் சமையலறையில் வைத்து ஊற்றினார். பக்கத்தில் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உடலில் 40 விழுக்காடு தீக்காயம். எந்தத் தாயும் செய்யக்கூடிய காரியம் அது. ஆவியைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டம் இன்னும் நடப்பில் உள்ளது. விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஆனால் இறுக மூடிய பாத்திரத்தில்தான் வைக்க வேண்டும். கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடி என்றால் 1 லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. பிளாஸ்டிக் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே பங்கில் வாட்டர் பாட்டிலில் தர மறுத்தால் அங்கே வேலை பார்க்கும் பையனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவன் சொல்வதுதான் சரி. ஊர்ப்புறப் பெட்டிக்கடையில் பழைய பாட்டிலில் தொங்குகிறதே, அது வேறு கதை. அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். வயிறு கலங்கும்.

போகிற பிள்ளைகளுக்கு, வகுப்பு முடிவில் கரும்பலகையில் எழுதிப்போடுகிற மாதிரி:

1. முதலில் கணக்குப் போடுங்கள். தண்டி பங்கில் "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்" என்ற புகழ்பெற்ற பலகை உண்டு. லிட்டருக்கு 30 கொடுக்கும் வண்டிக்கு 12 லிட்டர் சொச்சம். மலை ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். தண்டியில் டேங்கை நிரப்பினால் ஒரு வண்டிக்கு 5 லிட்டர் உபரி தாராளம். அதற்குமேல் ஒரு லிட்டர்கூடச் சுமக்க வேண்டாம். எடுத்துப்போகாத பெட்ரோல்தான் மிகவும் பாதுகாப்பான பெட்ரோல்.

2. பெட்ரோலுக்கென்றே செய்த உலோகக் கேன் வாங்குங்கள். வாஷர் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். வீட்டிலேயே முதலில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து ஒரு மணி நேரம் வையுங்கள். ஒரு சொட்டு வந்தாலும் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். சோதித்த பிறகு ஈரம் போக நன்றாகக் காய வையுங்கள்.

3. நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து கழற்றித் தரையில் வையுங்கள். பம்பின் மூக்கு கேனின் இரும்பைத் தொட்டபடி இருக்கட்டும். சீட்டிலோ பிளாஸ்டிக் விரிப்பிலோ வைத்து நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி வரலாம். மேலே ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரல் இடம் விடுங்கள்.

4. காரில் போகிறவர்கள் ஆட்கள் உட்காரும் இடத்தில் கேனை வைக்க வேண்டாம். மோட்டார் சைக்கிளில் சைலன்ஸருக்கு எதிர்ப்பக்கம், நிமிர்த்தி, அசையாமல் கட்டுங்கள். சாய்ந்து விழுந்தால் முதலில் அடிபடுவது கேனாக இருக்கக் கூடாது.

5. உயரத்தில் மூடியை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். மெதுவாகத் தளர்த்திக் காற்றை விடுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு, திறந்தவெளியில் ஊற்றுங்கள். டென்ட்டுக்குள்ளும் தங்கும் அறைக்குள்ளும் கேன் வரக் கூடாது. தேநீர் அடுப்பு ஒரு பக்கம், கேன் வேறு பக்கம்.

6. முதல் வாய்ப்பிலேயே உபரியை டேங்கில் ஊற்றித் தீர்த்துவிடுங்கள். பெட்ரோல் கேனைப் பிறகு தண்ணீருக்கு எடுக்கக் கூடாது. நன்றாகக் கழுவியாச்சு என்பதெல்லாம் வேண்டாம்.

7. வண்டியை ரயிலில் அனுப்புகிறவர்கள் டேங்கை முழுதும் காலி செய்துதான் பார்சலில் கொடுக்க வேண்டும். கேனில் பெட்ரோலோடு ரயிலில் ஏறினால் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்ற சுற்றுலாப் பெட்டிக்குள் யாரோ கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் 9 பேர் கருகியதை நாம் மறக்கவில்லையே.

ஒரு நல்ல கேன் விலை வாட்டர் கேனைவிடப் பல மடங்கு அதிகம்தான். அன்று எகிப்தில் மலிவு என்று பார்த்து டின்னைச் செய்யச் சொன்னவர்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த லாரியை ஓட்டியவன் வேறு ஒருவன். மிச்சம் பிடித்தவர் ஒருவர், விலை கொடுத்தவர் இன்னொருவர். வரலாற்றில் இது அடிக்கடி நடக்கிறது. உங்கள் விஷயத்தில் வாங்குகிறவரும் ஓட்டுகிறவரும் நீங்களேதான். விலை கொடுக்க வேண்டி வந்தால் கூடவே உங்கள் பிள்ளைகளும் பெற்றோரும் கொடுப்பார்கள்.

லாரி, வேன், டாக்ஸி ஓட்டும் உறவினர்கள் இதைப் படித்தால் உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். என்னைவிட உங்களுக்குத்தான் சாலை தெரியும். ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்கி வைக்கும் கடைக்காரர்களுக்கும் இதை அனுப்பிவையுங்கள்.

எல்லோரும் நலமாகப் போய், நலமாகத் திரும்பி வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்